மணிக்கட்டு வரை பச்சை

பிள்ளையின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்கிற ஆண்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். செய்வதென்றால் உன் தலைமேல் கை வைத்துச் செய்யேன். உன் மீசையைத் தொட்டுச் செய்யேன். நேற்றுப் பிறந்த பிள்ளை உனக்கு என்ன குறை வைத்தது? என் வீட்டுக்காரரிடம் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எண்பதுகளில் நடந்தது. இண்டூருக்கு அந்தாண்டை மண் ரோட்டில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் நாங்கள் இருந்த ஊர். நான் கம்பைநல்லூர்ப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த ஏரியைப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஊரைவிட ஏரி பெரிது. இந்தக் கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் மேய்வது பசுவா எருமையா என்று சொல்ல முடியாது. கரைக்குக் கீழே ஊருக்கெல்லாம் ஒரே குடிதண்ணீர்க் கிணறு. ஏரித் தண்ணீர்தான் மண்ணுக்குள் கசிந்து வந்து அதில் ஊறும். ஏரி கெட்டால் கிணறு கெட்டது. குடிக்க வேறு தண்ணீர் கிடையாது.

ஒரு ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய்வந்தோம். எல்லாரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சாமி கும்பிட்டார்கள். இவர் மீன் வறுக்கிற கடை முன்னால் நின்றுவிட்டார். பரிசல்காரர்களிடம் விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "ஏ புள்ள, நம்ம ஏரியில மீன் வுட்டா என்னா?" என்றார். தூக்கக் கலக்கத்தில், "வுடுங்க, யாரு வேணாம்னா" என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த தை மாதம் பஞ்சாயத்தில் ஏரி மீன் குத்தகை வேண்டும் என்று போய் நின்றார்.

கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடியது. பெரியவர்களுக்குச் சம்மதமில்லை. அதற்குக் காரணம் இருந்தது. என் வீட்டுக்காரர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பஞ்ச வருஷத்தில் ஏரி வற்றி, கடைசிக் குட்டையில் கிடந்த மீனெல்லாம் செத்து அழுகிவிட்டது. கிணறு நாறியது. வேறு வழியில்லாமல் அதையே இறைத்துக் குடித்தார்கள். வாந்திபேதி வந்து இரண்டு குழந்தைகள் போய்விட்டன. இரண்டையும் ஏரி மேட்டில்தான் புதைத்தார்கள். அதில் ஒன்று இவருடைய கடைசித் தம்பி. அந்த மேட்டில் யாரும் மாடுகூடக் கட்ட மாட்டார்கள்.

ஊர்த்தலைவரை நாங்கள் ஊர்க்கவுண்டர் என்போம். அவர் எழுந்து நின்றார். "மீனு வுடறது உன் இஷ்டம்ப்பா. ஆனா தண்ணி கெட்டா யாரு பொறுப்பு? சூடம் அணைச்சு சொல்லிட்டுப் போ" என்றார்.

சூடத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைப்பது எங்கள் பக்கத்துச் சத்தியம். அதற்குமேல் கோர்ட்டு தேவையில்லை. சொன்ன சொல் தவறினால் சாமி கேட்கும் என்று ஊரே நம்பியது, நானும் நம்பினேன். இவர் வெறுமனே அணைத்திருந்தால் போதும். அது போதாதென்று பெண்கள் பக்கம் வந்து, என் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. அன்றைக்குத்தான் முதல் முதலாக உச்சியில் குடுமி போட்டு, நான் தொடுத்த கனகாம்பரத்தைச் சுற்றிவிட்டிருந்தேன். இவர் பிள்ளையைச் சூடத்துக்கு முன்னால் இறக்கி நிறுத்தி, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். பிள்ளையின் தலைமேல் கை போனது.

"மீனால தண்ணி கெட்டா, அந்தக் கேடு எம் புள்ளைக்கு வரட்டும்" என்றார். இன்னொரு கையால் சூடத்தை அடித்து அணைத்தார்.

 கூட்டம் "சரி, சரி" என்று கலைந்தது. வீடு வந்து சேருகிற வரைக்கும் நான் வாயை மூடவில்லை. "உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? பெத்த புள்ளைய சூடத்துக்கு முன்னால கொண்டுபோய் வெச்சீங்களே, நீங்களும் ஒரு அப்பனா?" இவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அன்றிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். அவர் பிள்ளையின் தலையைத் தொடுவதே இல்லை. தூக்குவார், தோளில் போட்டுக்கொள்வார், காலைப் பிடித்து விளையாடுவார். உடம்பு சுடுகிறதா என்று பார்க்கக்கூடக் கழுத்தில்தான் கையை வைப்பார். குற்றம் குறுகுறுக்கிறது, நன்றாகக் குறுகுறுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆட்டுக் கிடையை அறுவடையான வயலில் அடைப்பதுதான் வழக்கம். ஆடுகள் ராத்திரியெல்லாம் அங்கே படுத்துக் கிடந்தால் அந்தப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு எரு. இவர் கம்பைநல்லூர்ப் பக்கத்துக் கிடைக்காரர்களைக் கூட்டிவந்து ஏரிக்குள்ளேயே அடைத்தார். தண்ணீர் வந்ததும் மீனுக்குத் தீனியாகும் என்பது இவர் கணக்கு. ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. "மீனுக்கு ஆட்டுப் புழுக்கையில பலகாரம் பண்ணிப் போடறியாப்பா?" என்று கேட்காத ஆளில்லை.

சித்திரையில் கோடை மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பாதி ஏரிக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணை எல்லாம் வழித்துக்கொண்டு வந்த தண்ணீர். பார்க்க ராகிக்கூழ் மாதிரி கெட்டியாகச் சிவந்து கிடந்தது. வைகாசியில் பிளாஸ்டிக் பைகளில் காற்றடைத்து மீன்குஞ்சு வந்து இறங்கியது. கட்லா, ரோகு, கெண்டை. அதோடு மீன் ஆபீஸர் ஒருவரும் வந்தார். இளவயசு, கண்ணாடி போட்டிருந்தார், எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுவார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது கரையில் உட்கார்ந்து இவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மீனு தின்றது புழுக்கையை இல்லீங்க. தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி ஒண்ணு வளரும். ஒண்ணொண்ணா பார்த்தா தெரியாது, கோடி கோடியா சேர்ந்தா தண்ணியே பச்சையாத் தெரியும். அதுதான் மீனுக்குச் சோறு. அது வளர ரெண்டு வேணும். மேலேருந்து வெயில், தண்ணியில உரச்சத்து. ரெண்டு மாடு பூட்டின ஏர் மாதிரிங்க. ஒரு மாடு நொண்டினா, இன்னொரு மாடு எவ்வளவு கொழுத்திருந்தாலும் ஏர் நொண்டி மாட்டு வேகத்துலதான் போகும்."

அளவு பார்க்கவும் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். கையைத் தண்ணீருக்குள் நேராக விட வேண்டும். முழங்கை முங்குகிற ஆழத்தில் உள்ளங்கை பச்சையில் மறைந்தால் பதம் சரி. அதற்குமேலும் கை தெரிந்தால் தீனி குறைச்சல். மணிக்கட்டு முங்கும்போதே உள்ளங்கை மறைந்துபோனால் ஆபத்து. "அப்படி ஆச்சுன்னா உடனே எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்றார்.

இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் ஏரிக்குப் போய்க் கையை விடுவார். கை உடனே மறையும். ஆனால் செம்மண்ணில் மறையும். பச்சை என்பது மருந்துக்கும் இல்லை. ஆனி போயிற்று, ஆடிக்காற்று வந்து அடித்தது. கரையோரத்துச் சேற்றை எல்லாம் கலக்கிக் கலக்கி விட்டது. தண்ணீர் தெளியவே இல்லை. "உரம் பத்தலை புள்ள" என்றார். வண்டி வண்டியாகச் சாணி அடித்துக் கொட்டினார். சூப்பர் பாஸ்பேட்டை மூட்டையோடு பரிசலில் ஏற்றி நடு ஏரியில் தூவினார். நானும் கூடவே உட்கார்ந்து தூவினேன். கலங்கின தண்ணீருக்குள் வெயில் இறங்கவில்லை, நொண்டுகிற மாடு அதுதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. கொழுத்த மாட்டுக்கே மேலும் மேலும் தீனி வைத்துக்கொண்டிருந்தோம்.

ஆவணியில் காற்று நின்றது. மழையும் நின்றுபோனது. வண்டல் மெல்ல மெல்ல அடியில் படிந்து, தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. இரண்டு மூன்று நாள் கரையோரம் கூழாங்கல்கூடத் தெரிந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் பச்சை! ஒரு நாள் இளம்பச்சை. மறுநாள் கிளிப்பச்சை. அந்த வாரம் முடிவதற்குள் ஏரி முழுக்க யாரோ பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை வேட்டியை அலசினால் பச்சை வேட்டியாக வந்தது. மீன் திமிறிக்கொண்டு வளர்ந்தது. சாயங்காலம் கரையில் நின்றால் துள்ளுகிற சத்தம் கேட்கும். இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "பாத்தியா புள்ள, ஊரு சிரிச்சுதே!" என்று நாளுக்கு ஒரு தடவை சொல்வார்.

ஒரு நாள் நானே போய்க் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு முங்கியது. உள்ளங்கையைக் காணோம். கண்ணாடி வளையல் தெரிந்தது, அதற்குக் கீழே கையே இல்லாதது போல இருந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். 

சொல்லி அனுப்பினோம், ஆபீஸர் வந்தார். அவரும் கையை விட்டார். எடுத்து உதறிவிட்டு, கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்தார். "எவ்வளவு உரம் போட்டீங்க?" என்றார். இவர் சொன்னார். கிடை போட்டதையும் சொன்னார். ஆபீஸர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

"பகல்ல வெயில் அடிக்கிற வரைக்கும் இந்தப் பச்சைதான் தண்ணிக்குள்ள மூச்சுக்காத்தை விடுது. பொழுது போனா அதே பச்சை மூச்சை இழுத்துக்கும். மீனும் இழுக்கும். அடியில கிடக்கிற சாணியும் இழுக்கும். விடியக்காலம் வரும்போது கொஞ்சமா மிச்சம் இருக்கும். மறுபடி வெயில் வந்து ரொப்பிடும். தினம் வெயில் அடிச்சா ஒண்ணும் ஆகாது."

"அடிக்காட்டி?" என்று நான் கேட்டேன்.

"மந்தாரம் போட்டு, காத்தும் இல்லாம ரெண்டு நாள் இருந்துச்சுன்னா..." கையை விரித்துக் காட்டினார். "புதுத் தண்ணி வரணும்மா. இல்லைன்னா மீனைப் பாதிக்குப் பாதி குறைச்சிடுங்க."

புதுத் தண்ணீர் வர மழை பெய்ய வேண்டும். மழைக்கு முன்னால் மேகம் வரும். மேகம் வந்து மழை வராமல் நின்றுவிட்டால்? இதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீன் எடுக்கிற தருமபுரி பாய்க்கு ஆள் அனுப்பினோம். ஐஸ் வண்டி வர நாளாகும், அதற்குள் இன்னும் கொஞ்சம் எடை கூடட்டும் என்று தகவல் வந்தது. இவருக்கும் அந்த ஆசைதான். மீனைக் குறைக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வானம் எமனாகிவிட்டது. காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து மேலே பார்ப்பேன். வெயில் சுள்ளென்று அடித்தால் உயிர் வரும். ஒரு துண்டு மேகம் வந்தால் அது கலைகிற வரைக்கும் வாசலிலேயே நிற்பேன். தருமபுரிச் சீமையில் மேகத்தைப் பார்த்துப் பயப்பட்ட பொம்பளை நான் ஒருத்திதான் இருப்பேன். ஊரில் துவரை கருகிக்கொண்டிருந்தது, ராகி வாடிக்கொண்டிருந்தது. ஊரே எப்போது மேகம் வரும் என்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் என்னைக் கல்லால் அடிப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து மழைச்சோறு எடுக்க முடிவு செய்தார்கள். மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு, களி, கூழ், எது கொடுத்தாலும் வாங்கி ஒரே அண்டாவில் கொட்டுவோம். ஏரிக்கரையில் உட்கார்ந்து, எழவு வீட்டில் அழுவது போல மாரடித்து அழுதுகொண்டே அதைத் தின்போம். பெண்கள் அழுதால் வானம் தாங்காது என்று நம்பிக்கை. வீட்டுக்கு ஒருத்தி கட்டாயம் போக வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா வந்து என் கையில் சட்டியைத் திணித்துவிட்டாள்.

அழுதேன். எல்லாரையும்விட அதிகமாக அழுதேன். ஊருக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா தெரியாது. எனக்குப் பின்னால் பெயிண்ட் பச்சையாக ஏரி அசையாமல் கிடந்தது. வாயில் களி, கண்ணில் தண்ணீர், மனசுக்குள் சூரியனை நோக்கி ஒரே கும்பிடு. போகாதே சாமி, மூடிக்காதே சாமி, பாய் வண்டி வந்துவிடட்டும் சாமி. என்னையறியாமல் கை குவிந்துவிட்டது போல. அக்கா என் தொடையில் தட்டினாள்.

"ஏ புள்ள, மழைக்கு அழுவச் சொன்னா சூரியனைப் பாத்துக் கும்புட்டுக்கிட்டு இருக்கறே?"

 "மறைஞ்சு போன்னுதாங்க்கா கும்புட்டேன்" என்றேன். அக்கா நம்பினாளா தெரியாது. ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

இரண்டாம் நாள் மேகம் வந்தது. ஊர் கொண்டாடியது. மேற்கே இருந்து சாம்பல் நிறத்தில் வந்து, சட்டியைக் கவிழ்த்த மாதிரி அப்படியே மேலே உட்கார்ந்துகொண்டது. மழை? ஒரு சொட்டு இல்லை. காற்று? மரத்தில் ஒரு இலை ஆடவில்லை. மந்தாரம் என்றால் மந்தாரம், மத்தியானத்திலேயே விளக்கு வைக்கிற மாதிரி. "நாளைக்குக் கொட்டும் பாரு" என்று ஆண்கள் டீக்கடையில் சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். இவர் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். சோறு கொண்டுபோனேன், தொடவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஏரி பச்சையாகவும் இல்லை. ஓரமெல்லாம் பழுப்பு ஏறி, புளித்த மாவு வாடை அடித்தது.

மறுநாளும் அதே மந்தாரம். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

தூளியிலிருந்து தூக்கினேன், அடுப்பிலிருந்து இறக்கின சட்டி மாதிரி கொதித்தாள்.  வாரிப் போட்டுக்கொண்டு இண்டூருக்கு ஓடினேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "சளிக்காய்ச்சல்தாம்மா, மருந்து குடுத்தா சரியாயிடும்" என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது, மனசுக்குள் இறங்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அங்கே தண்ணீர் கெடுகிறது, இங்கே பிள்ளை சுடுகிறாள். சூடத்தின் முன்னால் சொன்ன சொல் கிளம்பி வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ, "மானம் நல்லா கருத்திருக்குதுங்க, மழைதான்" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த நாள் பொழுது வெளுக்கிற நேரம். இவர் வீட்டில் இல்லை. பிள்ளை ராத்திரி முழுக்க முனகிக்கொண்டே இருந்தாள், மூக்கு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தோளில் போட்டுப் போர்த்திக்கொண்டு கரைக்குப் போனேன்.

ஏரி முழுக்க வாய். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. உடம்பு தெரியவில்லை, வால் தெரியவில்லை. தண்ணீர்மட்டத்தில் ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்து திறந்து மூடின. சப், சப், சப் என்று ஏரி முழுக்க ஒரே சத்தம். எங்கே பார்த்தாலும் அந்தச் சத்தம். மீன் ஓடவில்லை, துள்ளவில்லை. கையை விட்டால் கைக்குள் வந்தன. ஓரத்தில் சில ஏற்கெனவே வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கூடையால் தண்ணீரை அள்ளி அள்ளி மேலே வீசிக்கொண்டிருந்தார். காற்று ஏறட்டும் என்று. கடைக்கோடியில் இரண்டு ஆயில் இன்ஜின் ஓடி, ஏரித் தண்ணீரை எடுத்து ஏரியிலேயே பீய்ச்சிக்கொண்டிருந்தன. அத்தனை பெரிய ஏரிக்கு அது எந்த மூலைக்கு?

என் கழுத்தில் பிள்ளையின் சூடான மூச்சு பட்டது. திரும்பிப் பார்த்தேன். அவளும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. இன்றைக்கு உயிரோடிருக்கிற மீன் நாளைக்குப் பிணம். இத்தனை பிணம் அழுகினால் கிணறு போச்சு. கிணறு போனால் சத்தியம் போச்சு. சத்தியம் போனால்? செத்த மீனால்தானே தண்ணீர் கெடும்? சாவதற்கு முன்னால் ஏரியில் மீனே இல்லாமல் செய்துவிட்டால்?

ஏரி மீனை ஊர் சும்மா தொடாது. குத்தகைக்காரர் மதகின்மேல் ஏறித் தன் துண்டைத் தலைக்குமேல் வீசினால், அன்றைக்கு ஏரி பொது. யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடித்துக்கொள்ளலாம். பிடிப்பு முடிந்து, வற்றுகிற ஏரியில் மிஞ்சின சில்லறை மீனுக்குத்தான் அப்படி வீசுவார்கள். மீன் நிறைந்த ஏரிக்கு யாரும் வீசினதில்லை. இவருடைய துண்டு கரையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு மதகின்மேல் ஏறினேன். ஒரு தோளில் பிள்ளை. மற்றக் கையில் துண்டு. வீசினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"வாங்க! எல்லாரும் வாங்க! அள்ளிக்கிட்டுப் போங்க! ஒண்ணு வுடாம அள்ளுங்க!"

சாணி தெளித்துக்கொண்டிருந்தவர்கள், பால் கறந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் கரையிலேயே நின்றார்கள். ஊர்க்கவுண்டர் முன்னால் வந்தார்.

"ஏம்மா, குத்தகை அவனுது. அவனுக்குச் சம்மதமா?"

"துண்டு அவரோடதுங்க. வீசறது நானு. மீனு செத்துச்சுன்னா நாறற தண்ணியக் குடிக்கறது எல்லாரும். நின்னு நாயம் பேசறதுக்கு நேரமில்லீங்க, இறங்குங்க!"

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். இவர் தண்ணீருக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "இறங்காதீங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், ஒரு ஆள் கால் வைத்திருக்க மாட்டான்.  அவர் கூடையைக் கரையில் எறிந்துவிட்டு, பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்த ஒரு கட்லாவை இரண்டு கையாலும் தூக்கி, ஊர்க்கவுண்டர் காலடியில் போட்டார்.

அப்புறம் ஏரியில் ஊர் இறங்கியது. கூடை, முறம், கொசுவலை, பழைய சேலை, சாக்கு, எது கிடைத்ததோ அது. பரிசலில் நடு ஏரிக்குப் போய் வலை போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் சைக்கிளில் வந்துவிட்டார்கள். பலகாரம் பண்ணிப் போடுகிறாயா என்று கேட்ட ஆள் முழங்கை நீளத்துக்கு ஒரு கட்லாவைத் தூக்கிக்கொண்டு என் எதிரிலேயே போனான். பார்த்துக்கொண்டு நின்றேன்.  செத்து மிதந்ததை எல்லாம் ஊர்க்கவுண்டரே ஆள் வைத்துப் பொறுக்கி, தூரத்தில் தென்னந்தோப்புக் குழிகளில் புதைக்கச் செய்தார். பொழுது சாய்வதற்குள் ஏரி அடங்கிவிட்டது. ஒரு துள்ளல் இல்லை. அந்தச் சப் சப் இல்லை.

அன்றைக்கு ஊரில் மீன் குழம்பு கொதிக்காத வீடு எங்கள் வீடு ஒன்றுதான். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அதை நாங்கள் தொடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளைக்கு நெற்றி வியர்த்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு இறங்கியிருந்தது. மருந்து வேலை செய்ததோ என்னவோ, எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. சூடத்துக்குச் சொன்ன சொல்லை நான் காப்பாற்றிவிட்டேன், சாமி பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்றுதான் தோன்றியது. அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், வெயில்!

பளிச்சென்று, கண்ணைக் குத்துகிற வெயில். மேகம் போன இடம் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் உனக்கு? பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். இவர் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கீழே கிணற்றில் ஊர்க்கவுண்டர் முதல் குடத்தை இறைத்து, கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, எடுங்க" என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒரு நாள் பொறுத்திருந்தா பொழைச்சிருக்குமாங்க?" என்றேன்.

"தெரியாது. பொழைச்சாலும் பொழைச்சிருக்கும்."

"புள்ளைக்காகத்தாங்க வீசினேன். நீங்க பண்ணுன சத்தியம் என்னைக் கொன்னுடுச்சுங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

 அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புள்ள மேல நான் சத்தியம் பண்ணலை."

"என்னா சொல்றீங்க? ஊரே பாத்துச்சு!"

"நீ அன்னிக்குக் குடுமி போட்டு கனகாம்பரம் வெச்சிருந்தியே. அந்தப் பூவு மேலகூட என் கை படலை. ஒரு வெரல் மேல தூக்கிப் புடிச்சிருந்தேன். பாக்கறவங்களுக்குத் தலையில வெச்ச மாதிரி இருந்துச்சு. தொடலை புள்ள. எனக்கும் பயந்தான். அதுக்கப்புறம் தொட்டுடுவேனோன்னே பயமா இருந்துச்சு, சும்மாக்கூட கை வெக்கலை."

 அழுவதா, அடிப்பதா? அடித்தேன். முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். "அடப்பாவி மனுஷா! இத்தனை மாசம் என்னை உசுரோட வேக வெச்சீங்களே! நேத்து நான் மதகு மேல நின்னு கத்தறப்ப இதைச் சொல்லியிருந்தா நான் துண்டை வீசியிருக்கவே மாட்டேனே!"

"அதுக்குத்தான் சொல்லலை" என்றார். தம்பியைப் புதைத்த ஏரி மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கூடையை வெச்சுக்கிட்டு நான் தண்ணிய வீசிக்கிட்டே இருந்திருப்பேன். துண்டை வீச எனக்கு மனசு வந்திருக்காது."

கீழே கிணற்றில் ராட்டினம் கிறீச்சிட்டது. பிள்ளை என் மடியிலிருந்து நெளிந்து இறங்கி, "தண்ணி" என்றாள். இரண்டு நாளைக்கு அப்புறம் அவள் வாயால் கேட்ட முதல் வார்த்தை. அவர் எழுந்து போய்க் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு வாங்கி வந்தார். முதலில் தான் ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். பிறகு குந்தி உட்கார்ந்து, சொம்பை அவள் வாயில் வைத்தார். அவள் மடக் மடக்கென்று குடித்தாள்.

குடித்து முடித்ததும் அவர் கை மேலே போனது. கலைந்து கிடந்த அவள் உச்சி முடியின்மேல் ஒரு நொடி நின்றது. அப்புறம் அப்படியே இறங்கி, முழு உள்ளங்கையும் தலையில் பதிந்தது.

"காய்ச்சல் இல்ல புள்ள" என்றார்.